றங்குப் பெட்டியிலிருந்து காட்சி மேசை வரை: திருகோணமலையில் பால்புதுமையினர் வரலாற்றைக் காப்பதற்கு ஒரு வழிகாட்டி

எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். முற்றத்து மூலையில் சாம்பல் கிடந்தது. காய்ந்த தென்னோலையைக் கொளுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒளிப்படம் ஒன்றின் மூலை மட்டும் எரியாமல் மிஞ்சியிருந்தது: ஒரு கை, அதில் நான்கைந்து கண்ணாடி வளையல்கள். இறந்தவரை ஊர் ஒரு பெயரால் அறிந்திருந்தது. நாங்கள் வேறொரு பெயர் சொல்லி அக்கா என்று அழைத்தோம். அவருடைய றங்குப் பெட்டியில் முப்பது வருடப் படங்களும் கடிதங்களும் இருந்தன. வீட்டார் கெட்டவர்கள் அல்லர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கொளுத்திவிட்டார்கள்.

எரிப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், பெர்லினில் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை நாசி மாணவர்கள் சூறையாடி, 1933 மே 10 அன்று அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். அவை இரண்டும் ஊரறிய எரிந்தவை. அதனால் வரலாற்றில் நின்றுவிட்டன. முற்றத்து மூலையில் எரிவதைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை.

அந்தச் சாம்பலுக்குப் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து, பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள்) படங்களையும் கடிதங்களையும் கதைகளையும் சேர்க்கத் தொடங்கி, தவறு செய்து, திருத்தி, மறுபடியும் தவறு செய்து கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். நூதனசாலை என்றதும் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் மனதில் வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு அலுமாரி, நம்பகமான மூன்று பேர், நிறையப் பொறுமை. தொடங்க இவை போதும்.

1. முதலில் ஆட்கள்

பொருள் சேர்க்க ஓடாதீர்கள். யார் கையில் சேரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் அனுபவத்தில் மூன்று பேரில் தொடங்குவது நல்லது. ஏழு பேரைத் தாண்டினால் இரகசியம் தங்குவதில்லை. ஒருவருக்குக் கணினி தெரிய வேண்டும். ஒருவர் மூத்த திருநங்கையாகவோ மூத்த திருநம்பியாகவோ இருக்க வேண்டும். பழைய படத்தில் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஓய்வுபெற்ற நூலகரோ ஆசிரியரோ ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் வேண்டிய ஒரே தகுதி வாய் காப்பது.

திருகோணமலை மூன்று சமூகங்களின் ஊர். நகரத்துத் தமிழர் மட்டும் கூடி உட்கார்ந்தால் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் நண்பர்களின் கதையும், சிங்களம் பேசுகிறவர்களின் கதையும் வெளியே நின்றுவிடும். யுத்த காலத்தில் ஊர் துண்டு துண்டாகக் கிடந்தபோதும் இந்த நட்புகள் சோதனைச் சாவடி தாண்டிப் போய் வந்தன. அதையும் விட்டுவிட்டு எதைச் சேர்க்கப் போகிறோம்?

எந்தச் சொல்லால் அழைப்பது என்ற சண்டை முதல் கூட்டத்திலேயே வரும். வரட்டும். எல்.ஜி.பி.டி.கியூ. என்பது திட்ட அறிக்கைகளில் வாழும் எழுத்துக் கோவை. பால்புதுமையினர் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கும் ஊன்றிவிட்டன. சிங்களம் பேசும் வட்டங்களில் நச்சி என்பார்கள். எங்கள் மூத்தவர் ஒருவரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு ஒரு பெயர் இருக்கிறது தம்பி, அது போதும்” என்றார். குழுவுக்கு ஒரு பொதுச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு அவரவர் சொல்லை விட்டுவிடுங்கள்.

பால்புதுமையினர் அமைப்புகளின் நாட்டு அளவிலான தேதிகள் ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. 1995இல் கொழும்பில் ‘கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ தொடங்கியது. 1999இல் பெண்களுக்கான ‘விமென்ஸ் சப்போர்ட் குரூப்’. 2004இல் ரோசானா ஃபிளேமர்-கல்தேரா நிறுவிய ‘ஈக்வல் கிரவுண்ட்’. 2022 ஜூனில் யாழ்ப்பாணத்து வீதியில் முதல் பெருமை நடைபயணம். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆனால் அந்தத் தாளை நம் ஊர்க் கதையின் அட்டவணையாக ஆக்கிவிடாதீர்கள். இங்கே கதை சொல்கிறவர்கள் காலத்தை வேறு விதமாக வெட்டுகிறார்கள்: தொண்ணூறுக்கு முன், முகாமில் இருந்தபோது, சுனாமிக்குப் பிறகு.

2. சட்டத்தை வாசித்துவிட்டுக் கை வையுங்கள்

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னமும் புத்தகத்தில் இருக்கின்றன. முதலாவதற்குப் பத்து ஆண்டு வரை சிறை. வயது வந்தவர்களிடையே இரண்டாவதற்கு இரண்டு ஆண்டு வரை. 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டார்கள். ஒரு சொல் மாறியதில் பெண்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் வீதியில் நடக்கும் திருநங்கைகள் மீது பாய்ந்திருக்கின்றன. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றலாம். 2023 மே மாதம், தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என உயர் நீதிமன்றம் கூறியது. அது சட்டமூலத்துக்குத் தடையில்லை என்ற தீர்ப்பு மட்டுமே. அதனால் பிரிவுகள் போய்விட்டன என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சேகரிப்பாளருக்கு இதிலிருந்து வரும் பாடம் எளிது: ஒருவர் மீது குற்றம் சுமத்தப் பயன்படக்கூடிய எதையும் வாங்காதீர்கள். அந்தரங்கச் செயல்களைக் காட்டும் படம், காணொளி வேண்டாம். காதல் கடிதம் வேறு விடயம். ஆனாலும் முகவரியையும் உறையையும் தனியே பிரித்து வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களிடம் எதையும் பெறாதீர்கள். பெரியவர் தம் சிறுவயதைப் பற்றிப் பேசலாம். அதில் வரும் மற்றச் சிறுவர்களின் பெயர் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதல்களில் பங்கெடுத்தவர்களின் வாய்மொழிகளை, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிடமாட்டோம் என்று வாக்களித்துப் பதிவு செய்தது. 2011இல் பொலிசாருக்காக நீதிமன்ற அழைப்பாணை வந்தது. சில ஒலிப்பதிவுகள் கைமாறின. அத்தனை பெரிய கல்லூரியாலேயே காக்க முடியாத வாக்கை உவர்மலையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு நாம் கொடுக்கலாமா? “யாருக்கும் கொடுக்கமாட்டோம்” என்று சொல்லாதீர்கள். “நீதிமன்றம் கேட்டால் எங்களால் மறுக்க முடியாமல் போகலாம், ஆகவே ஆபத்தானதைச் சொல்லாதீர்கள், அக்கா” என்று பதிவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னபின் அவர் எழுந்து போய்விட்டால் அதுவும் சரிதான். ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் கேட்டு இந்தப் பகுதியை உங்களுக்கேற்றபடி எழுதிக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. ஒப்புதல், அல்லது ஒரு இரும்புப் படலை கற்றுத்தந்த பாடம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

நாங்கள் முதன்முதலில் பத்துப் பேருக்கு மட்டும் காட்டிய ஒரு படத்தில் இருவர் நின்றார்கள். முகம் இரண்டையும் மறைத்திருந்தோம். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. பெருமையோடு மேசையில் வைத்தோம். வந்தவர்களில் ஒரு பையன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்கள் ஒழுங்கை வீடு அல்லவா?” என்றான். பின்னால் இருந்த இரும்புப் படலையில் இரண்டு மீன்கள் வளைந்திருந்தன. அப்படிப் படலை ஊரில் ஒன்றுதான் உண்டு. அன்றே படத்தை எடுத்து உள்ளே வைத்தோம்.

பெரிய நகரத்து வழிகாட்டிகள் பெயரை மறை, முகத்தை மறை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். நம் ஊரில் ஆளைக் காட்டிக்கொடுப்பவை வேறு: வீட்டுப் படலை, கோயில் திருவிழாவில் நின்ற இடம், சீலை கட்டும் விதம், பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சொல், ஓட்டோவின் பின்னால் எழுதிய வாசகம். குரல் இன்னும் மோசம். இரண்டு வாக்கியம் போதும். எனவே காட்சிக்கு வைக்கும் முன் ஒவ்வொரு பொருளையும், கதையைக் கேள்விப்படாத, ஆனால் ஊரை நன்றாக அறிந்த ஒருவரிடம் காட்டி “யார் என்று தெரிகிறதா?” என்று கேளுங்கள். அந்த ஒருவர் உங்கள் குழுவில் ஒருவராக இருப்பது முக்கியம். சோதனையே வதந்தியாகிவிடக் கூடாது.

ஒப்புதலை ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். நாங்கள் உறைகளில் நூல் கட்டுகிறோம். சிவப்பு நூல் கட்டிய உறையைக் கொடுத்தவர் இருக்கும்வரை, சில வேளை அவருடைய தாய் இருக்கும்வரை, காப்பாளர்கூடத் திறப்பதில்லை. மஞ்சள் என்றால் குழுவினர் பார்க்கலாம். நீலத்தை அழைக்கப்பட்டவர்களுக்குக் காட்டலாம். பச்சை எல்லோருக்கும். நிறம் எப்போதும் மாறலாம்; பச்சையைச் சிவப்பாக்கச் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. திருமணப் பேச்சு, வேலை, வெளிநாட்டு விசா, பெற்றோரின் நோய் என்று மாற்றத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: இணையத்தில் ஏறிய படத்தைத் திரும்ப இறக்க முடியாது. அதனால் இணையத்துக்குத் தனியாக இன்னொரு ஒப்புதல் வேண்டும்.

படிவத்தை வாசித்துக் காட்டுங்கள், அவருக்கு வசதியான மொழியில். கையெழுத்து வாங்கும்போது ஒரு சிக்கல் கவனத்தில் இருக்கட்டும்: அந்தப் படிவத்தில்தான் அடையாள அட்டைப் பெயர் இருக்கிறது! பொருள்கள் ஒரு வீட்டில், பெயரையும் எண்ணையும் இணைக்கும் கொப்பி வேறொரு வீட்டில். கையெழுத்துக்குத் தயங்குகிறவர்களிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்து, அதையும் அந்தக் கொப்பியோடு வைக்கலாம்.

குழுப்படத்தில் ஐந்து பேர் இருந்தால் படத்தைத் தந்தவரின் சம்மதம் ஒருவருடையது மட்டுமே. மற்ற நால்வரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சளைத் தாண்ட விடாதீர்கள். இறந்தவர் விடயத்தில் இரத்த உறவைக் கேட்பதா, கூட வாழ்ந்தவரைக் கேட்பதா என்ற கேள்வி வரும். சட்டம் உறவைப் பார்க்கும். நான் கூட வாழ்ந்தவர் பக்கம். ஆனாலும் உயிரோடிருக்கும் தாய்க்குத் தீங்கு வருமானால் காத்திருப்பேன்.

4. எதைச் சேர்ப்பது

கேட்டால் எல்லோரும் “என்னிடம் ஒன்றும் இல்லையே” என்பார்கள். பிறகு பேச்சு ஓடும்; அரை மணி நேரத்தில் அலுமாரி திறக்கும். அளவெடுத்துத் தைத்த முதல் சட்டை. முதல் மார்புக் கச்சை. தையல்காரர் எழுதிக்கொடுத்த அளவுத் துண்டு. பெயர் மாற்ற விண்ணப்பத்தின் பிரதி. கலியாண அழைப்பிதழ்கள் (யாருடைய கலியாணத்துக்கு அழைப்பு வரவில்லை என்பதும் ஒரு ஆவணம்). சுற்றுலாக் காலத்தில் உப்புவெளியில் வேலை செய்தவர்களிடம் அட்டைகளும் படங்களும் இருக்கும். கைப்பேசிகளை மறந்துவிடாதீர்கள்: 2010க்குப் பிறகான வரலாறு பெரும்பாலும் உடைந்த கைப்பேசிகளுக்குள்தான் கிடக்கிறது.

2004 டிசம்பர் 26 கடலோர வீடுகளின் அலுமாரிகளைக் கொண்டுபோய்விட்டது. இடம்பெயர்ந்தவர்கள் உறுதிப் பத்திரத்தையும் நகையையும்தான் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இரகசியக் கடிதத்தை யார் எடுப்பார்? ஆகவே இல்லாத பொருளையும் பதிவு செய்யுங்கள். ‘நீல உறையில் ஒன்பது கடிதங்கள், மூதூரில் விட்டு வந்தது’ என்று ஒரு அட்டையில் எழுதி எண் போடுங்கள். பிரடெரிக் கோட்டை வாயிலில் உடைந்த தமிழ்க் கல்வெட்டு பதிந்திருக்கிறது. வரிகள் முழுதாக இல்லை. அதற்காக அதை யாரும் குப்பை என்பதில்லை.

5. வாய்மொழி

அமைதியான அறையைத் தேடுங்கள். டச்சுக்குடாக் கடற்கரையில் பதிவு செய்தால் அழகாக இருக்கும் என்று ஒரு தம்பி ஆசைப்பட்டான். காற்றும் காகமும்தான் பதிவாயின. மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்வை வந்தால் இடைவேளை விடுங்கள். கைப்பேசியே போதும், பறக்கும் முறையில் போட்டு, நெஞ்சு உயரத்தில், இரண்டடித் தூரத்தில் வையுங்கள்.

“உங்களுக்கு எப்போது தெரியவந்தது?” என்று தொடங்காதீர்கள். வெளிநாட்டு நேர்காணல்களில் எல்லாம் இதுதான் முதல் கேள்வி. பதிலும் எல்லோரிடமும் ஒரே மாதிரி வரும். பள்ளிக்கு எந்த வழியாகப் போனீர்கள், உடுப்பு யார் எடுத்துத் தந்தார்கள், பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு யாரோடு போவீர்கள், கொழும்பு ரயிலில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். அந்த ரயிலில் எல்லாம் இருக்கும். இரவு ரயிலில் ஏறியதும் வேறொரு ஆளாக மாறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கியவர்களை எங்கள் பதிவுகளில் நான்கு இடத்தில் சந்தித்தேன். கேள்வி ரயிலைப் பற்றியது. பதில் வாழ்க்கையைப் பற்றியது.

யுத்தம் வரும்போது நிறுத்திவிடுவதா தொடர்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அழுதால் பதிவை நிறுத்துங்கள், தேநீர் கொடுங்கள், அன்றைக்குப் போதும் என்று சொல்லத் தயங்காதீர்கள். மறுநாள் ஒரு முறை அழைத்து விசாரியுங்கள். பதிவை ஒரு வாரத்துக்குள் அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாத பகுதியை வெட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்டியதை எங்கும் ஒளித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

6. உப்பும் மாரியும் கறையானும்

வெளிநாட்டுக் கையேடு 50 சதவீத ஈரப்பதம் என்று எழுதும். ஐப்பசி தொடங்கித் தை வரை நம் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். குளிரூட்டியைப் பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துவது எதையும் ஓடவிடாததைவிடக் கெடுதல். ஏற்ற இறக்கம்தான் தாளைக் கொல்லும். நாம் செய்யக்கூடியது அறையை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் காலநிலையை உண்டாக்குவது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 1 என்ற எண் இருக்க வேண்டும். 3 என்றால் அது பிவிசி, நாளடைவில் அமிலம் விடும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை, ஒரு சின்ன ஈரமானி. 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஜெல்லையும் பொருளையும் வெயில் நல்ல காலத்தில், உலர்ந்த பகலில் அடையுங்கள். மழை நாளில் அடைத்தால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். அலுமாரிக் கால்களைக் கறையானுக்காக அடிக்கடி பாருங்கள். பூச்சி உருண்டை வேண்டாம்: மணம் மட்டுமல்ல, சில பிளாஸ்டிக்குகளை அது கரைக்கும், மனிதருக்கும் ஆகாது. ஏட்டுச்சுவடிக்கு வசம்பு வைத்த பாட்டன்மாரை மதிக்கிறேன். துணியில் முடிந்து அலுமாரி மூலையில் வையுங்கள், தாளைத் தொடவிடாதீர்கள். பூச்சி பிடித்த துணியையும் நூலையும் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள்.

லமினேட் செய்யாதீர்கள். இதை இன்னும் பெரிய எழுத்தில் எழுத முடியுமானால் எழுதுவேன். ஒரு அண்ணா தம் ஒரே ஒரு பழைய கடிதத்தை ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று கடையில் கொடுத்து லமினேட் செய்து கொண்டுவந்தார். சூட்டில் மை பரவிவிட்டது. இனி எந்தக் காலத்திலும் உரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படியே. பசைப் பக்கம் கொண்ட அல்பங்களிலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள். எளிதில் வராவிட்டால் இழுக்காமல் பக்கத்தோடு படம் பிடியுங்கள். பழைய பற்றுச்சீட்டுகளில் வெப்ப அச்சு மங்கிவிடும், அவற்றை முதல் நாளே ஸ்கேன் செய்யுங்கள். தாளைக் கழுவி உலர்ந்த வெறுங்கையால் தொடலாம். ஒளிப்படத்துக்கு மட்டும் கையுறை. படத்தின் பின்னால் எழுதப் பென்சில்தான். பேனா முன்பக்கம் வரை ஊறும்.

வெள்ளத்தில் நனைந்தால் உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சணம். சேறு பட்ட ஒளிப்படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல், நிழலில், முகம் மேலே பார்க்க விரியுங்கள். எல்லாவற்றுக்கும் நேரமில்லையென்றால் மீதியைப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்து நேரம் வாங்கிக்கொள்ளலாம்.

7. கணினிக்கு ஏற்றுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கேன் செய்யும்போது ஒளிப்படங்கள் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), கடிதங்கள் 400, டிஃப் கோப்பாக. ஒலி என்றால் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று ஊருக்கு வெளியே. அந்த ஒன்று கண்டியில் இருந்தாலும் சரி, டொரன்டோவில் இருந்தாலும் சரி, அதே கடலோரத்தில் வேண்டாம். வன்தட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள். கடவுச்சொல் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கோப்புப் பெயரில் ஆள்பெயர் கூடாது, எண் மட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தின் தரம் குறைந்துவிடும். மூலக் கோப்பைக் கம்பி வழியாக எடுங்கள். மூலக் கோப்பில் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் ஒளிந்திருக்கும். வெளியே போகும் பிரதியிலிருந்து அதை நீக்க மறந்தால் படலைக் கதை மறுபடி நடக்கும்.

8. விவரப் பட்டியலில் எழுதும் மொழி

ஒவ்வொரு பொருளுக்கும் எண், என்ன பொருள், எந்தக் காலம், எப்படி வந்தது, நூலின் நிறம், நிலைமை. அவரவர் தம்மை அழைத்த சொல் எதுவோ அதுவே விவரத்தில் வர வேண்டும். இறந்துபோன ஒரு பெண்ணை, பழைய அடையாள அட்டையைப் பார்த்து ‘ஆண்’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பெண்கள் இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்றால் ‘தோழிகள்’ என்று நாகரிகமாக மூடவும் வேண்டாம், அவர்கள் சொல்லாத பெயரைச் சூட்டவும் வேண்டாம். ‘ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒருவர் மற்றவரைத் தன் ஆள் என்று சொல்வார்’ என்று கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பொலிஸ் தாளிலும் சுவரிலும் வந்த வசைச் சொற்களை மூலத்தில் அழிக்காதீர்கள், அதுவும் சான்று. உங்கள் சொந்த வாக்கியத்தில் அவற்றைப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும்.

9. காட்சிக்கு வைப்பது

திருகோணமலையில் இருக்கும் நூதனசாலைகளில் இரண்டு கடலைப் பற்றியவை: ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலை ஒன்று, கடற்படைத் தளத்துக்குள் உள்ள ஹூட்ஸ் டவர் மற்றொன்று. நமது முதல் காட்சிக்கு இவை இடமல்ல. பால்புதுமையினருக்கான அருங்காட்சியகங்களில் பெர்லினின் ‘ஷ்வூலஸ்’ 1985இல் தொடங்கியது. இலண்டனின் ‘குயர் பிரிட்டன்’ தன் வாயிலைத் திறக்க 2022 ஆனது. நமக்கு அவசரம் இல்லை. ஒரு வீட்டு முன்னறை, ஒரு பிற்பகல், அழைக்கப்பட்ட இருபது பேர். அல்லது ஒரு பயணப் பெட்டியில் அடங்கும் பன்னிரண்டு பொருள்கள். எங்கே மேசை இருக்கிறதோ அங்கே விரிக்கலாம், நிலைமை சரியில்லையென்றால் பத்து நிமிடத்தில் மூடலாம். பயணப் பெட்டி எனக்கு மிகவும் பிடித்த முறை.

பிரித்தானிய அருங்காட்சியகம் 2017இல், தன்னிடம் ஏற்கெனவே இருந்த பொருள்களையே வேறு கண்ணால் பார்க்கச் சொல்லி ஒரு பார்வைத் தடம் அமைத்தது. நல்ல யோசனைதான். நம்மவர்கள் உடனே அர்த்தநாரீசுவரர், சிகண்டி, அரவான் என்று ஓடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கடவுளைச் சாட்சிக்கு அழைத்தால் மனிதருக்கு இடம் குறைகிறது. கோயில் ஊரில் வீண் சச்சரவும் வரும். திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழா தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கதை, அதை உள்துறைமுகத்துக்கு இழுத்துவராதீர்கள். தையல்காரரின் அளவுத் துண்டு போதும்.

குறிப்பட்டை எழுதுவதுதான் கடினம். எங்கள் ரயில் டிக்கெட்டுக்கு முதலில் எழுதியது: ‘பாலின அடையாளத்தின் மீதான சமூக ஒடுக்குமுறையை வெளிப்படுத்தும் பயண ஆவணம்.’ ஒருவரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. பிறகு எழுதியது இது:

‘தடித்த அட்டை டிக்கெட். திருகோணமலையிலிருந்து கொழும்பு கோட்டைக்கு. இதை வைத்திருந்தவருக்கு அந்தப் பயணத்தில் இரண்டு பெயர்கள். கல்லோயா சந்தி வரை ஒன்று, அதற்குப் பிறகு மற்றொன்று.’

அதன் முன்னால் ஒரு வயதான அம்மா நெடுநேரம் நின்றார். முப்பது சொற்களைத் தாண்டாதீர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். ஆனால் ஒன்றை எழுதி மற்றதை மொழிபெயர்க்காமல், ஒவ்வொன்றையும் அந்த மொழிக்காரர் ஒருவர் எழுதட்டும். கண்ணீரை மட்டும் அடுக்காதீர்கள். சமையல் குறிப்பு, பகிடி, ஒருவர் வென்ற கிண்ணம், யாரோ யாரையோ திட்டி எழுதிய கடிதம் எல்லாம் வேண்டும். வந்தவர்கள் சிரித்தால் காட்சி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

தாளுக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது, கைப்பேசியிலேயே அளக்கலாம். அசலுக்குப் பதில் நல்ல பிரதி வைத்தால் பாதிக் கவலை குறையும். வாசலில் கைப்பேசிகளைத் துணிப் பையில் வாங்கி வையுங்கள். யார் வருகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள், பின்வாசல் எங்கே என்று மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது சத்தம் போட்டால் வாதாடாதீர்கள், பெட்டியை மூடுங்கள்.

10. உங்களுக்குப் பிறகு

காப்பாளரும் சாவார், வெளிநாடு போவார், கலியாணம் கட்டிச் சலித்துப்போவார். யாருக்குப் பிறகு யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். இடம்பெயர்ந்த வரலாறுகளைக் காக்கப் பழகியவர்களிடம் கேட்டுக் கற்கலாம்: 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் தமிழ் ஆவணங்களை எப்படிப் பட்டியலிடுகிறது என்று பாருங்கள், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் உள்ள கம்ரா ஆவணக்காப்பகம் பால்புதுமையினருக்காகவே இயங்குவது. பிரதி வைக்க இடம் கேட்பதாயின் சிவப்பு நூல் உறைகளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில், மாரிக்கு முன், எல்லாப் பெட்டிகளையும் திறந்து, எண்ணி, ஜெல்லை மாற்றி, வன்தட்டைப் போட்டுப் பார்த்து மூடுங்கள்.

பொருளை இன்னும் தர விரும்பாதவர்கள் இருப்பார்கள். வற்புறுத்தாதீர்கள். அவர்களுடைய றங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்ட ஒரு சின்ன அட்டை கொடுங்கள். எங்கள் அட்டையில் இரண்டே வரி: ‘இதிலுள்ளவற்றை எறியவோ எரிக்கவோ முன் இந்த இலக்கத்துக்கு ஒரு முறை அழைக்கவும். வந்து எடுத்துக்கொள்கிறோம், செலவு எங்களுடையது.’ யார் நாங்கள் என்று அதில் எழுதவில்லை.

போன மார்கழியில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. இறந்தவரின் தங்கை. அதிகம் பேசவில்லை, “அண்ணாவின் பெட்டி இருக்கிறது, வந்து எடுங்கள்” என்றார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியின் அடிப்பக்கம் ஊறியிருந்தது. ஓட்டோவின் பின்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் வீட்டு அறைகள் முழுவதும் விரித்துக் காயவைக்க இரண்டு நாள் ஆனது.